ஜூன் முப்பது வராத அறை

வாசலை ஒட்டிய அந்த அறையில் முப்பது வருடமாக ஒரே ஜூன் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன, அவரவருக்கு அவரவர் பாடு. அறையில் வைத்த பால் திரியாது, பழம் அழுகாது என்பதால், ஃபிரிட்ஜ் பழுதான வீட்டுக்காரர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை காலாவதி ஆகப்போகிற மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்கப் பார்த்தார். "என் வீடு என்ன உங்க குடோனா?" என்று அம்மா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அப்போது அம்மா இருந்தாள்.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்தால் வந்தது. அண்ணனுக்கு அப்போது இருபது வயது, தங்கைக்குப் பதினாறு. அவளை வீட்டில் குட்டி என்பார்கள். யாரிடமிருந்தோ யார் கைக்கோ மாறி, ஒரு பிளாப்பியில் அந்த ஆட்டம் வந்து சேர்ந்தது. மஞ்சள் தொப்பி போட்ட குள்ளன் ஒருவன் மண்ணைத் தோண்டிக்கொண்டே போய், வௌவால்களுக்குத் தப்பி, நீலக் கற்களைப் பொறுக்க வேண்டும். மூன்று சுரங்கம் இலவசம். நாலாவது சுரங்கத்தின் வாசலில் இரும்புக் கதவு. அதைத் திறக்க, கடல் தாண்டி இருக்கிற ஒரு முகவரிக்குப் பணம் அனுப்பி எண் வாங்க வேண்டும். அதெல்லாம் அந்த வீட்டில் நடக்கிற காரியமா? போதாக்குறைக்கு, முப்பது நாள் ஆனதும் ஆட்டமே பூட்டிக்கொள்ளும் என்று ஒவ்வொரு முறையும் திரையில் மிரட்டல் வேறு. அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். இருபத்தொன்பதாம் தேதி மாலை கம்ப்யூட்டரின் தேதியை ஜூன் ஒன்றுக்குத் திருப்பிவிட்டான், பிறகு ஒவ்வொரு இருபத்தொன்பதுக்கும் அப்படியே. ஊரில் பாதிப் பேர் செய்த தில்லுமுல்லுதான் இது. மற்ற வீடுகளில் கம்ப்யூட்டர் மட்டும் ஏமாந்தது, இந்த வீட்டில் அறையும் சேர்ந்து ஏமாந்துவிட்டது.

ஜூன் ஒன்றாம் தேதி பெய்த மழை ஜன்னலில் மறுபடி பெய்தது. தெரு காய்ந்து கிடந்தது, ஜன்னல் மட்டும் நனைந்தது. ஆறாம் தேதி தண்ணீர் வண்டிக்காரரோடு அம்மா போட்ட சண்டை மறுபடி கேட்டது. அறைக்குள் உட்கார்ந்து தன் குரலையே கேட்ட அம்மா, "ஐயோ, நானா இப்படிக் கத்தறேன்?" என்று வெட்கப்பட்டாள். அண்ணனுக்கு நகம் வளரவில்லை, மீசை அப்படியே அரும்பிய நிலையில் நின்றது. வெளியே வந்த நேரத்துக்கு மட்டும் அவனுக்கு வயது கூடியது, ஆனால் அவன் வெளியே வந்ததுதான் குறைவு. குளிக்க வருவான், சாப்பிட வருவான், உடனே உள்ளே போய்விடுவான். இன்னும் ஒரு தடவை ஆடிவிட்டு வேலை தேடுகிறேன் என்பான். சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் "அஞ்சு நிமிஷம்மா!" என்பார்கள். ஒருநாளும் அஞ்சு நிமிஷத்தில் எழுந்ததில்லை.

குட்டி எழுந்தாள். படித்தாள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போனாள், கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள், ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, வெளியூருக்குப் படிக்க அனுப்பினாள். நடுவில் அம்மா காய்ச்சலில் படுத்தவள் எழவில்லை. அண்ணன் வெளியே வந்து, அழுது, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். குட்டி அவனைக் கூப்பிடப் போனாள். அவள் அறைக்குள் கால் வைத்ததும் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "குட்டி, வாசல் விளக்கப் போடுடி." ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறையில் ஒருவரும் இல்லை, அடுப்பு குளிர்ந்து கிடந்தது. திரும்பி வந்து அறையில் உட்கார்ந்தால் பாத்திரம் உருட்டுகிற சத்தம். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் குட்டி சாப்பாட்டு டப்பாவோடு நேரே அங்கேதான் வருவாள். அண்ணனுக்குச் சாப்பாடு என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். அம்மா குரலைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை.

முப்பதாவது வருடம் மழை தொடங்கிய நேரத்தில், ஆஸ்பத்திரியில் நோயாளி யாரும் இல்லாத ஒரு மதியம், சும்மா இருக்க முடியாமல் குட்டி அந்த ஆட்டத்தின் பெயரை இணையத்தில் தேடினாள். கிடைத்தது. அதை எழுதிய மனிதருக்கு வயதாகிவிட்டதாம். இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம், விரும்புகிறவர்கள் ஆடிக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறக்கிற எண்ணை எல்லோருக்குமாகப் போட்டிருந்தார். நோயாளிகளின் பதிவு எண் மாதிரி அது பார்த்ததுமே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அண்ணனிடம் சொல்லவில்லை. எண்ணைத் தட்டிவிட்டால் ஆட்டம் இனிப் பூட்டிக்கொள்ளாது, தேதியைத் திருப்ப வேண்டியதில்லை. தேதியைத் திருப்பாவிட்டால் ஜூன் முடிந்துவிடும். ஜூன் முடிந்தால் அம்மா?

அப்படியே காலம் ஓட்டியிருப்பாள், வாய்தான் காட்டிக்கொடுத்தது. நாள் முழுக்க "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, இடுப்பு வலியோடு வந்தவள், நாற்காலிக்கு வழி விடச் சொல்லி, "தம்பி, கொஞ்சம் நகருங்க" என்றாள்.

அண்ணன் நகர்ந்தான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அவளுடைய வகிட்டில் நரை, மூக்கில் கண்ணாடி பதிந்த தழும்பு.

"நீ எப்ப குட்டி இவ்ளோ பெரியவளான?"

"அதென்ன, தானா ஆகறதுதானே."

"அம்மாவுக்கு அப்ப என்ன வயசு?"

"நாப்பத்தி நாலு. எனக்கு இப்ப நாப்பத்தாறு."

வாசல் விளக்கைப் போடச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். தன்னைவிட இரண்டு வயது சின்னவளின் பேச்சைத் தட்டாமல் குட்டி போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். வந்ததும் எண் தன்னிடம் இருப்பதைச் சொல்லி, சொல்லும்போதே அழுதுவிட்டாள். "அம்மா போயிடுவாண்ணா. அதான் சொல்லல." அண்ணன் கோபப்படவில்லை. "நான் உனக்கு அண்ணன் குட்டி. இப்படியே போனா பேரன் ஆயிடுவேன்," என்றான். சிரிப்புக்குச் சொன்னதுபோல் சொல்லிவிட்டுக் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான்.

எண்ணைத் தட்டியதும் இரும்புக் கதவு திறந்தது. நாலாவது சுரங்கம் மூன்றாவது மாதிரியே இருந்தது, மண் மட்டும் சிவப்பு. "இதுக்கா?" என்றான் அண்ணன். இருபத்தொன்பதாம் தேதி மாலை வந்தது. யாரும் தேதியைத் தொடவில்லை.

மறுநாள் குட்டி லீவு போட்டுவிட்டு வந்தாள். அந்த முப்பதாம் தேதியைப் பதினாறு வயதில் அவள் வெளியே வாழ்ந்துதான் இருக்கிறாள், ஆனால் அன்றைக்கு அம்மா என்ன பேசினாள் என்பதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? காலையில் பெருக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் குக்கர் விசில். மதியம் ஒன்றுமே இல்லை. அம்மா அன்று வெளியே போயிருப்பாளோ, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முடிந்துவிடுமோ என்று குட்டி சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். அண்ணன் குள்ளனை வௌவாலுக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டே இருந்தான், கவனம் ஆட்டத்தில் இல்லை. வெயில் இறங்கியபோது தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆடினது போதும். ரெண்டு பேரும் எழுந்து வாங்க, சாப்பாடு ஆறுது."

அஞ்சு நிமிஷம் என்று வாய்வரை வந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை. "இதோ வந்துட்டோம்மா," என்றாள் குட்டி. அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்தான். இருவரும் எழுந்து போனார்கள்.

சமையலறையில் ஒருவரும் இல்லை. குட்டி கொண்டுவந்த டப்பாவைத் திறந்து இரண்டு தட்டில் போட்டாள். சாப்பிடச் சாப்பிட அண்ணனுக்கு மீசை அடர்ந்து, காதோரம் வெளுத்து, முன்நெற்றி ஏறியது. தட்டில் என்ன இருக்கிறது என்பது சரியாகத் தெரியவில்லை என்றான். குட்டி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அறையில் உட்கார்ந்திருந்த மணி நேரத்துக்கெல்லாம் சேர்த்து அவளுக்கும் நாலைந்து நரை கூடியது. அம்மா திரும்பக் கூப்பிடவில்லை. குட்டி அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அவள் தட்டை எடுக்கப் போனபோது அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நீ வை. இடுப்பு வலிய வச்சுக்கிட்டு எல்லாத்தையும் நீயே செய்வியா? சொன்னா கேக்கவே மாட்டியே," என்று ஐம்பது வயதுக் குரலில் அதட்டினான். குட்டி தட்டைக் கீழே வைத்தாள். அவளை யாராவது அப்படி அதட்டி வெகு காலம் ஆகியிருந்தது.

அந்த அறையில் வைத்திருந்த எதிர்வீட்டுப் பால் அன்று மாலையே திரிந்துபோனது. அவர்கள் வந்து, பாத்திரத்தை மோந்து பார்த்து, நரைத்துப்போய் உட்கார்ந்திருந்த அண்ணனையும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க ஆள் வந்தது.