முழங்கையைப் பார்த்துக் கேட்டவர்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. நான் ஒரு பெரிய தொழிற்சாலையின் மருத்துவப் பிரிவில் எழுத்தர். வருஷத்துக்கு ஒருமுறை நாலாயிரம் பேரின் கண், காது, மூச்சு எல்லாவற்றையும் சோதிக்கிறோம். முடிவை நான் பதிகிறேன். படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். நான் சொல்லவேண்டியது அதில் அடங்கவில்லை. அதனால்தான் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆலைச் சங்கு ஒலித்தது. அவன் தன் எதிர்காலத்தை நோக்கி…"

தூ! எங்கள் ஆலையில் சங்கே கிடையாது. வாசலில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

2

நர்ஸம்மாவை முதல் பிரதியில் கெட்டவராக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் ஆள் அப்படியில்லை.

காது சோதனைக்கு ஒரு கூண்டு உண்டு, கண்ணாடி ஜன்னல் வைத்தது. தொழிலாளி உள்ளே ஹெட்போன் மாட்டி உட்காருவார். நர்ஸம்மா வெளியே பொத்தானை அழுத்துவார். உள்ளே சத்தம் கேட்டால் தொழிலாளி தன் கையிலிருக்கும் சுவிட்சை அழுத்தவேண்டும். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடவேண்டும் என்பது விதி. யாரும் திருப்புவதில்லை. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நர்ஸம்மாவின் முழங்கை ஒரு விரற்கடை உயரும். தகடு அடிக்கும் பிரஸ் பிரிவில் நாற்பத்துமூன்று பேருக்கும் இது தெரியும்.

"தெரிஞ்சுதான் செய்றீங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பின்ன? பதினோரு பேருக்குக் காது கேக்கலைன்னு எழுதினேன். மாற்று வேலை தர்றோம்னு கூட்டிட்டுப் போனாங்க. வருஷம் திரும்பறதுக்குள்ள ஒருத்தர்கூட உள்ள இல்ல. பன்னண்டாவது ஆளை எழுத எனக்குக் கை வரல சார்."

(அடிக்குறிப்பாகப் போட்டால் படிக்கமாட்டீர்கள், இங்கேயே சொல்கிறேன்: மெஷின்களின் இரைச்சலையும் அளக்கத்தான் செய்தார்கள். அளப்பவர் வந்த அன்று பாதி மெஷின் நின்றிருந்தது. பராமரிப்பு நாளாம்.)

3

இனி என் மச்சான். மனைவியின் அண்ணன். பிரஸ்ஸில் பதினெட்டு வருஷம். இவரைக் கதையில் 'ஒரு தொழிலாளி' என்று மறைக்கப் பார்த்தேன், மனைவி படித்துவிட்டு, "எங்க அண்ணன் உனக்கு யாரோவா?" என்று கேட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு அவர் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்துவிட்டு என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"மாப்ள, அடுத்த வாரம் டெஸ்ட். ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க. ஏதாச்சும் பண்ணேன்."

"நர்ஸம்மா முழங்கையைப் பாருங்க மச்சான், போதும்" என்று சொன்னது நான்தான். வேறு யாரோ சொன்னதாக இரண்டு பிரதிகளில் எழுதி அடித்திருக்கிறேன்.

அதிலிருந்து நாலு தடவை நூற்றுக்கு நூறு.

4

போன மாதம் பிரஸ் பிரிவில் சரக்கு வண்டி ஹாரன் அடித்தபடி பின்னால் வந்தது. எல்லோரும் விலகினார்கள். மச்சான் குனிந்து தகடு அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மெஷின்காரர் பாய்ந்து அவரைத் தள்ளினார். வண்டி அந்த மனிதரின் காலில் ஏறியது. பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு எங்கள் கம்பெனி டாக்டர் கோப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"காது பிரமாதமா இருக்கே! அப்ப அஜாக்கிரதைதான்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் கம்பெனிதான்.

மச்சானைக் காப்பாற்ற நான் பதிந்த நாலு படிவங்களும் இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

5

விசாரணைக்காக நாளைக்கு மச்சானுக்கு மறுசோதனை. கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

(அ) மச்சான் முழங்கையைப் பார்க்கிறார், தேறுகிறார். காது கேட்டும் விலகாத குற்றத்துக்கு வேலை போகிறது. மற்றவர்கள் தப்பிக்கிறார்கள்.

(ஆ) நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறார். மெஷின் தின்றுவிட்ட காது வெளியே தெரிகிறது. அதோடு நாலு வருஷப் பொய்யும். நர்ஸம்மா போகிறார், நான் போகிறேன், நாற்பத்துமூன்று பேரும் மறுபடி கூண்டுக்குள் போகிறார்கள்.

(இ) கம்பெனி முதலில் மெஷினின் இரைச்சலைக் குறைக்க… இதை எழுத எனக்கு வாய்க்கவில்லை. யாரும் ஒருநாளும் பேசாத வசனத்தை யார் வாயில் வைப்பேன்?

இன்று மாலை மச்சான் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அந்த ஆளை ஆஸ்பத்திரில பாத்துட்டு வர்றேன். 'கூப்பிட்டேனேண்ணே, காதுல விழலையா?'ன்னு கேக்கறான். என்னன்னு சொல்றது? நாளைக்கு நான் பாக்கட்டா, வேணாமா? நீயே சொல்லு மாப்ள."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஒரு பதிலைச் சொன்னேன். அவருக்கு அது கேட்காது என்று தெரிந்துதான் அப்படி நின்றேன். என் கோழைத்தனம் அவ்வளவுதான்.

அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள். எதுவானாலும் எதிரே போய் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள்.