அம்மா ஊரில் இல்லாத வாரம்

முன்சீப் கோர்ட்டு குமாஸ்தா வைத்தியலிங்கம் பிள்ளைக்கு வாய்த்த மகன் மந்தனாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அவனுக்கோ தெருவே மெச்சும் மூளை. வாத்தியார் பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். அதையே தாளில் எழுதச் சொன்னால் மூன்று கேள்வியோடு பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பதினாறு வயசு, பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது பாரம். அம்பலவாணன் என்று பெயர் வைத்ததற்குக் கல்லுளிமங்கன் என்று வைத்திருக்கலாம்.

பிள்ளை அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், நெல்லையப்பருக்கு நேர்ந்தும் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள், "ஏம்லே பரீட்சையில எழுதல?" என்று கேட்டதற்கு, "எல்லாம் தெரியும்ப்பா. எழுதத் தோணல" என்றான். வந்த ஆத்திரத்தில் குடைக்கம்பு ஒடிகிற மட்டும் அடித்தார். "இனி எம் முன்னால வந்து நின்னு பேசாத. எதுன்னாலும் ஒங்க அம்மைட்ட சொல்லு" என்றார். அவர் சொன்னதில் பையன் இம்மி பிசகாமல் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று முதல் தாய்க்காரி சொர்ணாம்பாள்தான் இருவருக்கும் நடுவில் தபால்.

"படிக்கச் சொல்லு."

"படிக்கானாம்."

"செருப்பு பிஞ்சு போச்சாம்."

"தைக்கச் சொல்லு."

வளர்ந்த மகனோடு தகப்பன் முகம் கொடுத்துப் பேசாதது அந்தத் தெருவில் அதிசயமில்லை. பிள்ளைக்கும் பழகிவிட்டது. முதல் இரண்டு வருஷம் வயிறு எரிந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. மார்க்கு வரும், பார்ப்பார், மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். முள் தைத்தால் வலிக்கவேண்டும் அல்லவா? வலிக்கவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம். மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்த புதுசு. முன்போல ஒரே பரீட்சையில் பாய்ந்து கரையேற முடியாது. வருஷம் முழுக்க எழுதின நோட்டுகளையும் பார்ப்பார்கள். அம்பலவாணனின் மூன்று நோட்டுகளிலும் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை.

தங்கை பிரசவத்துக்கென்று சொர்ணாம்பாள் செவ்வாய்க்கிழமை அம்பாசமுத்திரத்துக்கு ரயிலேறினாள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். சோறு பக்கத்து வீட்டு உலகம்மாள் கொண்டுவந்து வைத்தாள். புதன்கிழமை ஹெட்மாஸ்டரிடமிருந்து கோர்ட்டுக்குக் கடிதம் வந்தது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் மூன்று நோட்டுகளையும் எழுதி முடித்து, தகப்பனார் கையெழுத்தோடு ஒப்படைக்கவேண்டும். தவறினால் பையன் பெயர் இந்த வருஷப் பட்டியலில் சேராது. பட்டியல் அன்றைய தபாலிலேயே சென்னைக்குப் போய்விடும்.

பிள்ளை கடிதத்தை இரண்டு தரம் படித்தார். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. 'அவகிட்ட சொல்லணும்' என்று நினைத்தார். அதற்கப்புறம்தான் அவள் ஊரில் இல்லை என்பது உறைத்தது.

உலகம்மாளிடம் சொல்லியனுப்பினால் வீட்டு மானம் தெருவுக்குப் போகும். வியாழக்கிழமை கிணற்றடியில் பையன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளை கனைத்தார். கனைப்புதான் வந்தது, பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமை கடிதத்தை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பாவின் காகிதத்தைப் படிக்கக்கூடாது என்று வளர்ந்த பையன், அதில் ஈரம் படாமல் எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனான். 'பாத்துட்டுத்தான் திமிரா வைக்கான்' என்று பிள்ளை எண்ணிக்கொண்டார். எண்ணினாரே தவிர, கோபம் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவர் தலைப்பாகை கட்டும்போது பையன் நிலைப்படியில் நின்றான். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கொஞ்ச நேரம் நின்றான். அவர் பார்க்காததுபோல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கோர்ட்டில் மணி நாலு அடித்தது. பிள்ளை எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு அடுத்த வரியை ஆரம்பித்தார். சரி, தொலைந்தது.

மறுநாள் சொர்ணாம்பாள் வந்ததும், மூட்டையை இறக்கக்கூடப் பிள்ளை அவளை விடவில்லை.

"ஏளா, ஒம் மவன்ட்ட சொல்லு. எல்லாம் முடிஞ்சு போச்சு. பட்டியல்ல பேரு கெடையாது."

அவள் பதறிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே முணுமுணுப்புக் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மூன்று நோட்டுகள் இருந்தன. முகம் வெளுத்திருந்தது.

"எழுதிட்டானாம். வீடு சத்தமில்லாம இருந்துச்சா, ஒக்காந்து ஒரேயடியா எழுதிட்டானாம். வெள்ளிக்கெழமையே முடிச்சாச்சாம். ஒங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கியாம். நேத்தோட கெடுன்னு தெரியாம, நான் வந்து ஒங்ககிட்ட கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கான்."

பிள்ளை நோட்டைத் திறந்தார். கணக்குகள் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வரிசையாக நின்றன. பூகோள நோட்டில் பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரைக்கும் தாமிரபரணியை நீல மையால் வரைந்து, ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் பெயர் எழுதியிருந்தான். ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் 'தகப்பனார் கையொப்பம்' என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தான். அத்தனை வருஷம் மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று உள்ளே சுரீர் என்றது. அடப்பாவி, ஒரு கையெழுத்து!

"அம்பலவாணா."

அந்தப் பெயரை அவர் வாய்விட்டுக் கூப்பிட்டு நாலு வருஷம். பையன் வந்து இரண்டு முழம் தள்ளி நின்றான். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. அவனை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் முகத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கான்னு அவன்ட்ட சொல்லு" என்றார்.