தீவைத் தலையில் சுமந்தவர்

ஒரு தீவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கிய ஓட்டுநர் உலகத்திலேயே ஒருவர்தான். மணல், கூழாங்கல், குடியிருக்க இடம் எல்லாம் சேர்ந்த முழுத் தீவு. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம்; முதல் ஆளாக அவருடைய சம்பந்தி ஏற்கெனவே நிற்கிறார்.

ஓட்டுநர் என்றால் ஓய்வுபெற்றுவிட்ட பேருந்து ஓட்டுநர். வேலையை விட்டபின் ஏரிக் காவல் குழுவில் சேர்ந்து குப்பை லாரிகளையும் தெருநாய்களையும் ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி, அவர் மகளைக் கட்டியவனின் அப்பா, நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கண்ணால் கண்ட சாட்சி இல்லாவிட்டால் பொழுது விடிந்ததைக்கூட ஒத்துக்கொள்ளமாட்டார். குழுவின் தொலைநோக்கி அவர் கழுத்தில்தான் தொங்கும். ஓட்டுநருக்கோ இரண்டு கண்ணிலும் புரை. கொஞ்சம் தள்ளிப்போனால் பறவையும் பாலிதீன் பையும் அவருக்கு ஒன்றுதான்.

ஏரி நடுவே ஒரு மண்திட்டு. அதில் ஆலா என்னும் நீர்ப்பறவைகள் முட்டையிட்டிருந்தன. கருந்தொப்பி, மஞ்சள் அலகு. பறப்பதில் ராணி, வீடு கட்டுவதில் மகா சோம்பேறி. வெறும் மணலில் ஒரு சின்னக் குழி, அதுதான் கூடு. அக்கம்பக்கத்து ஏரிகளெல்லாம் வீட்டுமனையாகிவிட, அவற்றுக்கு மிஞ்சியது இந்தத் திட்டு மட்டும்தான்.

கோடையில் தண்ணீர் வற்றித் திட்டுக்கு நடைபாதை விழுந்தது. நாய்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன.

"தண்ணி வெளிய போற மதகை அடைச்சிடுவோம். சுத்திலும் தண்ணி நின்னா நாய் எப்படிப் போகும், பஸ் பிடிச்சா போகும்?" என்று கூட்டத்தில் முழங்கியவர் ஓட்டுநர். எல்லோரும் கை தூக்கினார்கள். மணல் மூட்டைகளை அவர் அடுக்கிய அழகில் எறும்பு நுழைய இடமில்லை. யானை வந்து இழுத்திருந்தால் யானைக்குத்தான் சுளுக்கு.

யாரும் எதிர்பாராமல் எங்கோ மேட்டுப்பக்கம் மழை கொட்டியது. வாய்க்கால் பொங்கி வந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் திட்டின்மேல் ஏறத் தொடங்கியது.

காலையில் குழு ஓடிவந்தபோது மதகு ஆளுயரத் தண்ணீருக்குள் கிடந்தது. மூட்டைகளை இழுக்க மூழ்கிய குழுவின் கொத்தனார் கையைச் சிராய்த்துக்கொண்டு மேலே வந்தார்.

"அண்ணே, வீடு கட்டச் சொன்னாகூட நான் இவ்ளோ கெட்டியா கட்டமாட்டேன்."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. கரையோரம் ஏதோ மிதந்து வந்து அவர் காலில் முட்டியது. குனிந்து எடுத்தார். புள்ளி போட்ட முட்டை, சில்லென்றிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"சம்பந்தி, மேல ஏதாவது மிச்சமிருக்கா?"

"ஒரே ஒரு கூடு. உச்சியில. அதுவும் மத்தியானம் வரைக்கும் தாங்காது."

வனத்துறையில் போனை எடுத்தவர், படகு வர மாலையாகிவிடும் என்றார். "வேற வழியே இல்லன்னா நீங்களே தூக்கி வைங்க. ஆனா அதே இடத்துல வைக்கணும். வச்சதும் விலகிடுங்க. அம்மா வந்து உக்காரலன்னா வெயில்லயே முட்டை வெந்துடும்."

ஓட்டுநர் காவல் கொட்டகையின் கதவைக் கழற்றினார். குழுவிலிருந்த பஞ்சர் கடைக்காரர் லாரி டியூப்களை அடியில் கட்டினார். மேலே மணலும் கூழாங்கல்லும் பரப்பியாயிற்று.

"கதவுமேல குடித்தனமா?" என்றார் சம்பந்தி. "தண்ணி வருதான்னு குழாயைத் திறந்து பாக்காம மனுஷனே குடிவரமாட்டான். இவ எப்படி வருவா? என்ன ஆதாரம்?"

"அதே இடம்தான் சம்பந்தி. மாடி மட்டும் எடுத்துத் தர்றேன்."

"வரலன்னா?"

"நாந்தான அடைக்கச் சொன்னேன்..." ஓட்டுநர் கதவுக்கடியில் குனிந்தார்.

மிதக்கவிட்டுத் தள்ளியிருக்கலாம். அலையில் மணல் கரைந்துவிடும் என்று தலையில் ஏற்றிக்கொண்டார். கொத்தனார் மறுமுனையைப் பிடித்திருந்ததாக ஒரு பேச்சு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். நெஞ்சளவு தண்ணீர். ஆலாக்கள் கூட்டமாகப் பாய்ந்து அவர் வழுக்கையில் கொத்தின. அந்தக் கொத்தில் வேறொருவர் என்றால் மண்டை இரண்டாகியிருக்கும்.

திட்டின் உச்சியில் ஒரு பாய் அளவு மண்தான் மீதி. முட்டைகள் இன்னும் கதகதப்பாக இருந்தன. கதவைப் போட்டு, விரலால் மணலில் குழி பறித்து, அவற்றை இறக்கி வைத்தார். தண்ணீரோடு மேலே எழும்பும்படி கதவை ஒரு கம்பில் தளர்வாகக் கட்டிவிட்டுத் திரும்பினார்.

கரையேறியபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரின் பளபளப்புதான்.

"என்ன ஆச்சு?"

"சுத்துறா."

"இறங்கினாளா?"

"கதவைப் பாத்துட்டு மறுபடி மேல பறந்துட்டா."

வெயில் சுள்ளென்று அடித்தது. ஈரச் சட்டை உடம்பிலேயே காய்ந்தது. பஞ்சர் கடைக்காரர் கடைக்குப் போக மனமில்லாமல் நின்றார்.

"இப்போ?"

"பக்கத்துல தண்ணிமேல பறந்துட்டு இருக்கா. உக்காரல."

"சம்பந்தி, ஒரு பொய்யாவது சொல்லுங்களேன்."

"நான் சொல்றதில்ல. உங்களுக்கே தெரியும்."

ஓட்டுநர் மண்ணில் உட்கார்ந்தார். பக்கத்தில் அந்த இரண்டு குளிர்ந்த முட்டைகளும் அவருடைய துண்டில் கிடந்தன. அவற்றைப் பார்க்காமலிருக்க ஏரிப்பக்கம் திரும்பினார். அங்கேயும் எதுவும் தெரியவில்லை. சம்பந்தியின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். அதுதான் அவருக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

அந்த முகம் நெடுநேரம் அசையவில்லை. பிறகு உதடு லேசாகப் பிரிந்தது. சம்பந்தி தொலைநோக்கியை இறக்கி, அதன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"இருங்க, இருங்க." அவர் தொலைநோக்கியை இறக்கவேயில்லை. "இறங்கிட்டா. ஓரமா நடக்குறா... முட்டையை அலகால உருட்டிப் பாக்குறா."

"அப்புறம்?"

"உக்காந்துட்டா, சம்பந்தி. நீங்க தலையில சுமந்துட்டுப் போனீங்களே, அதுமேலதான் உக்காந்திருக்கா."