நீரூற்றுக்குக் குறித்த இடம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் பெரியசாமிப்பேட்டை என்று ஓர் ஊர். பேரே சொல்லுமே, பெரியசாமி உண்டாக்கிய ஊர். பொட்டல் காட்டில் மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, சந்தை கூட்டி, வந்தவனுக்கெல்லாம் மனை கொடுத்து உட்கார வைத்த மனுஷன். அவர் கண்ணை மூடியதும் அவர் வாழ்ந்த வீடு விரிசல் விட்டு நின்றது. சினிமாக் கொட்டகை கட்டுகிறோம், லாட்ஜ் கட்டுகிறோம் என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். மருமகள் கிருஷ்ணவேணிதான் ஒற்றைக்காலில் நின்றாள். கொடுத்தால் பேரூராட்சிக்குக் கொடுங்கள், மாமா பேரில் பூங்கா வைக்கட்டும் என்று புருஷன் சக்கரபாணியை நச்சரித்துக் காரியத்தைச் சாதித்தாள். மாமனார் மேல் என்ன மரியாதை பாருங்கள் என்று ஊர் அவளைக் கொண்டாடியது.

மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அந்த வீட்டுக் கொல்லையில் அவள் பிள்ளை கிடந்தது. பிறந்த வாரத்திலேயே போன ஆண் குழந்தை. அதற்கப்புறம் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் பல் முளைக்காத பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், கொல்லையிலேயே புதைத்துவிடுவார்கள். பெற்றவள் அதைப் பார்க்கக் கூடாது. தீட்டுக் கழிந்து அவள் வெளியே வந்தபோது, கொல்லையில்தானே என்று கேட்டாள். சக்கரபாணி தலையாட்டி ஒரு நந்தியாவட்டைக் கன்றைக் காட்டினான். அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் அதன் அடியில் பால் ஊற்றினாள். லாட்ஜ்காரன் என்றால் அஸ்திவாரம் தோண்டுவான். பூங்காவில் யார் தோண்டப் போகிறார்கள்? செடி இருக்கும், செடியடியில் பிள்ளை இருக்கும். இதுதான் அவள் போட்ட திட்டம், ஒருத்தரிடமும் வாய் விடவில்லை.

எண்பத்தைந்தில் வேலை ஆரம்பித்தது. வீட்டை இடித்துத் தள்ளினார்கள், அதற்கெல்லாம் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறாள், நந்தியாவட்டையைச் சுற்றிச் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருக்கிறது. என்னவென்று மேஸ்திரி கண்ணையனைக் கேட்டால், நடுவில் பெரியவர் சிலை, சுற்றி நீரூற்று என்றான். வேறு வழியில்லாமல், இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை அங்கேயே சொல்லிவிட்டாள்.

கண்ணையனும் பிள்ளைகுட்டிக்காரன். கடப்பாரையைத் தூரப் போடச் சொல்லிவிட்டு, நானே குனிந்து கொத்துக்கரண்டியால் மண்ணை எடுக்கிறேன், எலும்பு கிடைத்தால் துணியில் கட்டித் தருகிறேன் என்றான். மண்டியிலிருந்த சக்கரபாணிக்கு ஆள் போனது. அவன் வந்தான், வந்தவன் கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

கன்று மரமாகி வேர் நன்றாக ஓடியிருந்தது. வேரை வெட்டி எடுத்தார்கள். செம்மண் வந்தது. அப்புறமும் செம்மண். முட்டி ஆழம் போய், இடுப்பாழம் போய், சுக்காங்கல் தட்டியது. கண்ணையன் நாலு பக்கமும் அகலப்படுத்திப் பார்த்தான். ஒரு துண்டு எலும்பு இல்லை, ஒரு முழம் துணி இல்லை. நாய் இழுத்துப் போயிருக்குமோ, ஐயோ, கரையான் தின்றிருக்குமோ என்று கிருஷ்ணவேணி என்னென்னவோ நினைத்தாள். நினைத்தபடியே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. கிடைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்ற தகப்பன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான். அவள் பள்ளத்தை விட்டு அவனிடம் போனாள்.

"கொழந்த எங்கங்க?"

"அங்க இல்ல, வேணி."

அப்புறம் கொட்டினான் எல்லாவற்றையும். அன்றைக்குக் கொல்லைக் கதவில் அப்பா மறித்து நின்றாராம். ஊரையே உண்டாக்கின வீடு, இந்த மண்ணுக்குள் பிணம் போனால் ஊர் விளங்காது என்றாராம். எதிர்த்துப் பேச இவனுக்கு நாக்கு எழவில்லை. துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்து, ஏரிக்கரைக்குக் கொண்டுபோனானாம். அவள் கேட்டபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையாம். ஒரு செடி இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்று நட்டானாம். ஆறுதல்! சந்தையில் மூட்டை தூக்குகிறவன்கூடத் தன் பிள்ளையைத் தன் கொல்லையில் புதைத்தான், ஊருக்கே மனை கொடுத்தவன் பேரனுக்கு ஒரு முழ மண் இல்லை.

கிருஷ்ணவேணிக்கு அழுகை வரவில்லை. அந்த இடத்தைக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னாள். அப்படியே ஏரிக்கு நடந்தார்கள்.

கரையைப் பாதிக்கு மேல் செங்கல் சூளைக்காரர்கள் வெட்டி எடுத்திருந்தார்கள். சக்கரபாணி மேலே ஏறினான், கீழே இறங்கினான். ஒரு மேட்டைக் காட்டி, "இங்கதான்" என்றான். உடனே, "இல்ல, இன்னும் அந்தாண்ட" என்று கையை நகர்த்தினான். கடைசியில் ஒரு வேலிக்காத்தான் செடியின் பக்கம் போய் நின்றது கை. போன மழைக்கு முளைத்த செடி அது. அதற்கு அடியில் பள்ளம், பள்ளத்தில் கலங்கல் தண்ணீர்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"போதும், கைய எறக்கு" என்றாள். "இத்தினி வருஷமா நீ காட்டின எடத்துல பாலு ஊத்திக்கினு இருந்தேன். இனிமே நீ எனுக்கு எதையும் காட்டாத."