காய்ஞ்ச இலைதான் சோறு

1

இந்தக் கதை எனக்குக் குப்பைப் பையிலேர்ந்து கிடைச்சுது. அலங்காரத்துக்குச் சொல்லல. நிஜமாவே கைய விட்டுத் துழாவினேன்.

ஆரம்பத்த மூணு தடவ எழுதிப் பாத்துட்டேன். "மண்ணின் நிறத்தில் சிறகு விரித்த அந்துப்பூச்சி ஒன்று..." (வேணாம். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். இப்படிப் பேசினா வீட்ல சிரிப்பாங்க.)

2

என் மக காலேஜ்ல பூச்சிங்களப் பத்திப் படிக்கிறா. ஒரு அந்துப்பூச்சிய முட்டையிலேர்ந்து வளர்த்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கிற வரைக்கும் பாத்து எழுதிக் குடுக்கணும். குடுத்தாதான் பாஸ். டப்பாவுல ஆறு புழு. நாலு நாள் வெளியூர் கிளம்பறப்ப சொன்னா: "தண்ணி தெளிச்சா போதும்ப்பா. வேற எதுலயும் கை வைக்காத."

வச்சேன்.

டப்பா பூரா காய்ஞ்ச சருகு. பாவம், பட்டினி கிடக்குதுங்கன்னு நினைச்சேன். சருகக் குப்பைப் பையில கொட்டிட்டு, தெருவோர மரத்துலேர்ந்து தளதளன்னு இலை பறிச்சுப் போட்டேன். (இந்த அப்பாவ இன்னும் கொஞ்சம் நல்லவனா காட்டலாமான்னு யோசிச்சேன். இதுக்கு மேல நல்லவனா இருந்திருந்தா டப்பாவே மிஞ்சியிருக்காது.)

3

டப்பா பக்கத்துல அவ வச்சிட்டுப் போன நோட்ட அப்புறம்தான் பிரிச்சேன். இந்தப் புழு உதிர்ந்து காய்ஞ்ச இலையத்தான் தின்னுமாம். கூட்டுப்புழு ஆகறப்ப சருக மடிச்சுக்கிட்டு உள்ள போயிடுமாம்.

டப்பாவுல மூணு செத்துக் கிடந்துச்சு. மிச்ச மூணுக்காகத்தான் குப்பைப் பை. கிடைச்சது மடிஞ்ச சருகு ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள இருக்கறது தூங்குதா, போயிடுச்சா? லிஃப்ட் நின்னா எங்க தட்டணும்னு தெரியும். இத...

மக போன்ல கேட்டா: "எப்படிப்பா இருக்குதுங்க?"

"நல்லா சாப்பிடுதுங்கம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பவும் புரியல.

4

வீட்டுக்காரி எட்டிப் பாத்தா.

"என்னங்க, போன்ல தட்டிட்டே இருக்கீங்க?"

"கதை."

"பெத்த பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியத ஊருக்கே சொல்லிட்டிருக்கீங்களா?"

(இத வெட்டிடலாம்னு பாத்தேன். வெட்டினா கதையில உண்மையே இருக்காது.)

5

முடிவு ஒண்ணு: சருகுலேர்ந்து பூச்சி வருது, மக சிரிக்கிறா. (அவ சிரிப்பா. மத்த அஞ்சு எங்கன்னும் கேப்பா.)

முடிவு ரெண்டு: அவ டப்பாவ எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள

எழுத வரல.

மக ஊர்லேர்ந்து வர்ற நேரம், லிஃப்ட் மேல வருது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், மூணாவது மாடி தாண்டிடுச்சு. டப்பாவ மூடல. நோட்டும் பிரிச்சபடியே இருக்கு. சருகு இடது உள்ளங்கையில.

கூட்டுப்புழு உயிரோட இருந்தா லேசா நெளியுமாம், நோட்டுல இருக்கு. இப்ப ஏதோ அசைஞ்சுது. அதுவா, என் கை நடுங்குதான்னு தெரியல. கொஞ்சம் கிட்ட வந்து நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் போயி கதவத் திறக்கிறேன்.