முன் என்று போட்ட படம்

இந்தக் காலத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எதையும் செய்வதில்லை. கையில் ஒரு போன் இருந்தால் போதும், கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒருவரைப் படம் எடுப்பதென்றால் தலை சீவி, சட்டை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரம் கொடுப்பார்கள். இப்போது திருடன் பூட்டை உடைக்கிற மாதிரி முகத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நான் ஐந்தாவதுவரைக்கும் படித்தவன். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். லாரிக்காரன் பின்னால் வருகிறவனை நம்பமாட்டான், முன்னால் போகிறவனை அதைவிட நம்பமாட்டான். அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

என் மகள் ஒரு பெரிய அழகுசாமான் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களுக்கு முகம் பூசிக் காட்டி க்ரீம் விற்கிற வேலை. மருமகன் கப்பலில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவான். நாலு வயதில் ஒரு பேத்தி, பெயர் என்னவோ இருக்கிறது, நான் கூப்பிடுவது வாலு. பதினோரு மாதத்தில் ஒரு பேரன், குண்டன். இரண்டும் பகல் முழுக்க என் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரி, "கொஞ்ச நேரம் குடுங்க தாத்தா" என்று கை நீட்டினாலும் குண்டனைக் கொடுக்கமாட்டேன். யாருக்கும் கொடுத்ததில்லை.

காலையில் என் மகளுக்குக் கண்ணாடிக்கென்று கிடைப்பது பதினோரு நிமிஷம். அதில் ஏழு நிமிஷத்தைக் குண்டன் தின்றுவிடுவான். அதனால் அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். வேலைக்குப் போடுகிற கறுப்புச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கும். செருப்பு போட்ட பிறகுதான் அதைப் போடுவாள். அதுவரை என் பழைய சட்டை, எச்சிலும் பாலும் அதன் தலையில் விடியட்டும் என்று. முடியைச் சுருட்டி ஒரு பென்சிலைச் செருகிவிடுவாள், இல்லாவிட்டால் குண்டன் கொத்தாகப் பிடுங்குவான். கம்மல் பர்ஸுக்குள் கிடக்கும். நகத்துக்கு நிறமில்லாத பூச்சு. பாத்திரம் தேய்த்து உதிர்ந்தாலும் தெரியாது.

முகம் முழுக்கப் பஸ்ஸில்தான். க்ரீமும் பவுடரும் ஓடுகிற பஸ்ஸில். கண்மை மட்டும் மூன்றாவது சிக்னலில், அங்கேதான் சிவப்பு நெடுநேரம் நிற்கும். ஒருநாள் கூடப் போனபோது பார்த்தேன். பஸ் நின்றதும் ஒரே இழுப்பு, அடுத்த கண்ணுக்கு ஒரே இழுப்பு, பச்சை விழும்போது மூடி போட்டாயிற்று. நானும் வண்டி ஓட்டினவன்தான், எனக்கு அந்தக் கை வராது.

அந்தக் கடை மேனேஜரின் பெயர் எனக்கு வேண்டாம். எந்நேரமும் பையில் சீப்பு வைத்திருப்பான். நான்கு அடி நடந்தால் ஒருதரம் சீவிக்கொள்வான். கடைப் பெண்கள் வைத்த பெயரே சீப்பு. வேலைக்காரர்கள் நுழைகிற பின்கதவில் ஒரு போனைத் தொங்கவிட்டு ஒரு சட்டம் போட்டிருந்தான். தலை, நகம், உதடு தெரிய ஒரு படம் எடுத்தால்தான் யாரும் உள்ளே போகலாம். "நானா இருந்தாலும் சரி, படம் இல்லாம உள்ள கால் வைக்கக் கூடாது" என்பானாம். ஒருநாள் என் மகளிடம், "வீட்ல ரெண்டு புள்ள இருந்தா என்ன? அஞ்சு நிமிஷம் கண்ணாடி பாக்க முடியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அவள் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டில் சொல்லும்போது சிரிக்கவில்லை.

பிறகு ஒருதடவை குழந்தைகள் இரண்டுக்கும் ஒன்றாகக் காய்ச்சல். அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. காலையில் பஸ்ஸில் உட்கார இடமுமில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனவள் முகத்தில் எதைப் பூசுவாள்? கடைக்குள் போய்ப் பூசிக்கொள்ளலாம் என்று ஓடியிருக்கிறாள். பின்கதவிலேயே சீப்பு போனைத் தூக்கிவிட்டான். கண் குழி விழுந்து, முடி கலைந்து, தோளில் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்க, ஒரு படம்.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் மகளை அழைத்துவர இரண்டையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனேன். கடை முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு புது போஸ்டர். 'சோர்ந்த அம்மாக்களுக்காக' என்று ஒரு க்ரீம். இடப்பக்கம் 'முன்' என்று போட்டு என் மகள். வலப்பக்கம் 'பின்' என்று போட்டு எவளோ ஒருத்தி, பல்லெல்லாம் தெரிய.

இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "அய்யோ, இவளப் பாரேன், பேயடிச்ச மாதிரி" என்றாள். மற்றவள் சிரித்தாள்.

வாலு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. "தாத்தா, இது அம்மா." 'முன்'னைத் தொட்டது. பிறகு 'பின்'னைத் தொட்டது. "அப்புறம் அம்மா இந்த அழகு அம்மாவா ஆயிடுவாங்களா? எப்போ வருவாங்க?"

என் மகள் அப்போதுதான் வெளியே வந்தாள். கேட்டுவிட்டாள். முகத்தில் அழகாகத்தான் எல்லாம் பூசியிருந்தாள். அதற்குக் கீழே ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கே ஒரு கல்லு போதும்" என்றேன்.

"கண்ணாடி விலைக்கு என் சம்பளத்தப் புடிப்பான்."

"அவன் பல்லு?"

"அப்பா, அந்த வேலை எனக்கு வேணும். நீங்க கை வச்சா நாளைலேர்ந்து நான் எங்க போவேன்? எடுத்துடுங்க சார்னு கேட்டுட்டேன். 'உன் மூஞ்சின்னு யாருக்குத் தெரியும்'கறான்." கறுப்புச் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். மாட்டின பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "என் பொண்ணுக்குத் தெரியுதுப்பா."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம். அவன் மூஞ்சி போதும். மலைப்பாதையில் நம்மை இடித்துவிட்டு முந்துகிறவனை அங்கேயே துரத்தக்கூடாது. அடுத்த ஏற்றத்தில் தானாகத் திணறுவான். நான் காத்திருந்தேன். தினமும் சாயங்காலம் அந்த போஸ்டர் எதிரே ஐந்து நிமிஷம் நிற்பேன், கோபம் ஆறிவிடக்கூடாது என்று.

ஏற்றம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த க்ரீமுக்கு விழா, கடை முதலாளியம்மா வருகிறார். அவருக்கு ஒப்பனை செய்ய என் மகள்தான் வேண்டும் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். முதலாளியம்மா கையில் ஒரு குழந்தையோடு நின்றால் படம் நன்றாக இருக்கும் என்று சீப்புக்குத் தோன்றியிருக்கிறது.

"உன் புள்ளைங்கள கூட்டிட்டு வான்னான்" என்றாள் என் மகள். "நான் மாடியில இருப்பேனே சார், யாரு பாத்துப்பான்னு கேட்டேன். 'நான் பாத்துக்கறேன், அது என்ன மலையப் பொரட்டற வேலையா'ன்னான்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அவனே சொன்னானா?"

"அவனே."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கை வைக்கக் கூடாதுப்பா."

"கையே வைக்கமாட்டேன் தாயி. அவன் கையில குடுத்துட்டு வந்துடறேன்."

ஞாயிறு காலை எட்டரைக்குக் குண்டனுக்கு ஒரு முழு வாழைப்பழமும் ஒரு புட்டி நிறையப் பாலும் கொடுத்தேன். அவன் வண்டி எனக்குத் தெரியும். டேங்க் நிரப்பினால் ஒன்றரை மணி நேரத்தில் சரக்கு இறக்குவான். மகள் வந்து அவன் பையைத் திறந்து பார்த்தாள். 'இதென்ன வேலை' என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மூன்று டயப்பரில் இரண்டை வெளியே எடுத்தாள். துடைக்கிற ஈரத்தாள் பொட்டலத்தை எடுத்து அலமாரி மேலே வைத்தாள். பையை மூடினாள். இவள் என் ரத்தம்தான்.

வாலுவிடம் வழியில் சொன்னேன்: "கடையில மேசை மேல கலர் கலரா குச்சி வரிசையா இருக்கும். அதை மட்டும் தொடக் கூடாது, தெரியுதா?"

"எந்தக் குச்சி தாத்தா?"

"உதட்டுல பூசறது."

பின்கதவில் சீப்பு வெண்ணெய் நிறத்தில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். அன்றைக்கு இன்னொரு பெருமையும் செய்திருந்தான். கதவில் எடுக்கிற படமெல்லாம் உடனே முகப்பில் உள்ள பெரிய டிவியில் வரும், 'இன்று உங்கள் சேவையில்' என்று. முதலாளியம்மாவிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக.

"பேசினபடி புடிங்க தம்பி" என்று குண்டனையும் அவன் பையையும் கொடுத்தேன். கொடுக்கும்போது என் கை விடவில்லை, அதையும் சொல்லவேண்டும். யாருக்கும் கொடுக்காத பிள்ளையைப் போயும் போயும் இவனிடம் கொடுக்கிறேன். தரை துடைக்கிற அம்மா பக்கத்திலேயே துடைப்பத்தோடு நின்றாள். அவளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன், "புள்ளைங்க மேல ஒரு கண்ணு வையி. அவன் மேல வேண்டாம்" என்று. "நான் நாலு பெத்தவ, எங்கிட்ட சொல்றீங்களா?" என்றாள். அந்த அம்மாவை மட்டும் ஓரளவு நம்பினேன்.

"நீங்க எங்க போறீங்க?" என்றான் சீப்பு.

"அஞ்சு நிமிஷம்."

கடை முகப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. சினிமாவுக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. சீப்பு முதலில் குண்டனைச் சூடான சட்டியைப் பிடிக்கிற மாதிரி தள்ளிப் பிடித்தான். குண்டன் அவன் கோட்டுப் பையிலிருந்த சீப்பை உருவி வாயில் வைத்தான். இவன் பிடுங்கினான். தெருவரைக்கும் கேட்டது அழுகை. தூக்கித் தோளில் போட்டுத் தட்டினான். பால் குடித்த பிள்ளையை அப்படித் தட்டினால் என்ன ஆகும் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். கோட்டின் முதுகில் வெள்ளையாக ஓடியது. இதற்குள் வாலு குச்சிகளைக் கண்டுபிடித்துவிட்டது.

பத்து மணிக்குக் குண்டன் சரக்கு இறக்கினான். சீப்பு சுற்றுமுற்றும் பார்த்தான். கடைப் பெண்கள் எல்லாருக்கும் அந்த நொடியில் தலைபோகிற வேலை. தரையில் மண்டியிட்டுக் குண்டனின் பையைக் கொட்டித் துடைக்க ஏதாவது தேடினான். அகப்பட்டது ஒரு கிலுகிலுப்பை. மண்டியிட்டவன் முகம் வாலுவின் உயரத்துக்கு வந்ததா, அது சும்மா இருக்குமா? ஒரு கன்னத்தில் சிவப்பு, மறு கன்னத்தில் ஊதா. அவனுக்குத் தட்டிவிடக் கையில்லை. இரண்டு கையும் குண்டனின் இரண்டு காலில்.

பத்தரைக்கு முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்குகிறார் என்று யாரோ கத்தினார்கள். டயப்பரைக் குப்பையில் போடப் பிள்ளையோடு பின்கதவுக்கு வெளியே போயிருந்த சீப்பு, பிள்ளையைத் துடைப்பக்கார அம்மாவிடம் திணித்துவிட்டு உள்ளே ஓடப் பார்த்தான். நானும் அதற்குள் பின்கதவுக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மா ஒரு கையில் குண்டனோடு, மறு கையால் தொங்கின போனை எடுத்தாள். "சார், நில்லுங்க. படம் இல்லாம உள்ள கால் வைக்கக் கூடாதுல்ல?"

"ஏய், வழிய விடு!"

"நானா இருந்தாலும் சரின்னு நீங்கதானே சொன்னீங்க." எடுத்துவிட்டாள்.

நான் அவன் பின்னாலேயே உள்ளே போவதற்குள் முகப்பு டிவியில் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டான். கண் பிதுங்கி, முடி நெற்றியில் ஒட்டி, கன்னம் இரண்டு நிறம், தோளில் பால். பக்கத்திலேயே போஸ்டரில் என் மகள். விழாவுக்கு வந்திருந்த ஐம்பது அறுபது பெண்கள், பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு, டிவிப் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "ஒரு மணி நேரத்துக்கே இந்தக் கோலம்னா, ராத்திரியெல்லாம் பாத்தா ஆளே இருக்கமாட்டாரு போல!" கடையே அதிர்ந்தது.

முதலாளியம்மாவோடு என் மகள் படியில் நின்றாள். டிவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு நிமிஷம் கண்ணாடி பாத்திருக்கலாமே சார்."

எனக்கு அந்த ஒரு வார்த்தை வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

முதலாளியம்மா போஸ்டரையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீயா?"

"ஆமாம்மா. என்னைக் கேக்காம எடுத்தது, கேக்காம போட்டது."

"கழட்டுங்க அதை" என்றார் முதலாளியம்மா. கழற்றினார்கள். சீப்பு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான், ஆனாலும் கேட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். என் மகள் அவன் பக்கத்தில் போய், "வெந்நீர்ல போடாதீங்க சார், பால் கறை அப்படியே புடிச்சுக்கும். பச்சத் தண்ணியில அலசுங்க" என்றாள்.

"அவனுக்கு எதுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுக்கற?" என்றேன்.

"தீந்து போச்சுப்பா. விடுங்க."

எனக்குத் தீரவில்லை. சீப்பிடம் போனேன். "என் மக படம் போன்ல இருக்குமே?"

"அழிச்சுட்டேங்க ஐயா."

"காட்டு."

கதவில் தொங்கின போனைக் கழற்றி வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். வெறும் கட்டம் கட்டமாக என்னவோ இருந்தது. "இதோ, இல்லை பாருங்க."

"இல்லாததை எப்படிப் பாக்கறது? வேற எங்க வச்சிருக்க?"

"எங்கயும் இல்லைங்க. சத்தியமா." ஒரு சின்ன க்ரீம் டப்பாவை என் கையில் திணித்தான். "வீட்டுக்குக் கொண்டு போங்க ஐயா."

டப்பாவை மேசை மேல் வைத்தேன். சுருட்டி வைத்திருந்த போஸ்டரைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஒருவரும் தடுக்கவில்லை. குண்டனை வாங்கித் தள்ளுவண்டியில் வைத்தேன். மகளுக்கு இன்னும் வேலை இருந்தது, அவள் வரவில்லை.

தெருவில் வாலு நின்று திரும்பிக் கடை முகப்பைப் பார்த்தது. அங்கே வெறும் கண்ணாடி.

"தாத்தா, அந்த அழகு அம்மாவ எங்க கொண்டு போயிட்டாங்க? இனிமே நம்ம வீட்டுக்கு வரவே மாட்டாங்களா?"

"அது எவளோ ஒருத்தி. உன் அம்மாதான் அழகு."

"நிஜமாவா?" என்றது. அது கேட்ட விதத்தில் நம்பிக்கையில்லை. என் பேத்திதானே.

அழித்துவிட்டானாம். இதோ, என் அக்குளில் இருப்பதைக் கிழித்துப் போட்டுவிடலாம். இந்தக் குழந்தையின் கண்ணுக்குள் ஒட்டினதை எவன் வந்து அழிப்பான்? திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே அவன், குண்டன் வாயில் வைத்த சீப்பைக் கழுவித் தலை சீவிக்கொண்டிருந்தான். அந்தப் போன் அவன் பையில்தான் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவனை நான் நம்பவில்லை.