தலைவர் அமுக்கிய பொத்தான்

பொலிவியாவின் எல் ஆல்டோ நகரத்து மினிபஸ்களின் வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: பொலிகார்ப்போ சாம்பியா பொத்தானை அமுக்கியதற்கு முன், அமுக்கியதற்குப் பின். இது என் கண்டுபிடிப்பல்ல. எங்கள் ஓட்டுநர் சங்கத் தலைவர் பொலிகார்ப்போ சாம்பியாவே ஒலிபெருக்கியில் அறிவித்தது.

விஷயம் இதுதான். சங்கத்து வண்டிகள் எல்லாவற்றிலும் இடம் காட்டும் ஜிபிஎஸ் பெட்டி பொருத்தத் தலைவர் முடிவு செய்திருந்தார். செயற்கைக்கோள்கள் இனி அவரைக் கேட்டுக்கொண்டுதான் சுற்றும் என்பது போல நடந்தார். திருடன் வண்டியைக் கிளப்பிப் போனால் தலைவர் கைபேசியில் ஒரு பொத்தானை அமுக்குவார். வண்டி அதே இடத்தில் உயிரை விடும். கார்னிவல் செவ்வாயன்று, வண்டிகளுக்குப் பூவும் காகிதச் சுருளும் கட்டிப் பாச்சமாமா என்னும் பூமித்தாய்க்குப் பீர் ஊற்றும் நாளில், ஊர் பார்க்க ஒத்திகை. இடம்: கீழே இருக்கும் லா பாஸ் நகரத்துக்கு இறங்கும் சரிவு. வண்டி: சங்கத்து ஓட்டுநர் இலாரியோனுடையது. அவன் மாட்டேன் என்றால் தலைவர் அவனுடைய வழித்தடத்தைப் பிடுங்கிவிடுவார். ஆகவே அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை.

போன வருஷமும் தலைவர் முயன்றார்; அப்போது வந்த ஆள் பெட்டிகளை எஞ்சின் பக்கத்திலேயே கட்டிவிட்டுப் போனான். அந்த வருஷத்துக் கார்னிவல் செவ்வாயன்று பானெட்டைத் திறந்து நாங்கள் பக்தியோடு ஊற்றிய பீரில் அத்தனையும் மண்டையைப் போட்டன. பிழைத்த ஒன்று மட்டும், வண்டி பெரு நாட்டில் இருப்பதாக ஒரு வாரம் சாதித்தது.

அதனால் இந்த முறை வண்டி ஒயரிங் மேஸ்திரி ஸெனோபியா தார்க்கி வந்தாள். முன்பல்லில் தங்கம், வாயில் ஓயாத சத்தம். அடக்கம் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதில்லை. பட்டிருந்தால் அதற்கும் தனிக் கூலி கேட்டிருப்பாள். இலாரியோன் வண்டியில் அவள் வேலை செய்ய, நான் டார்ச் பிடித்தேன்.

"முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டு. ஒயர் என் கைல இருக்கறப்ப கரண்டு விளையாடக் கூடாது" என்றாள். பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வைத்தாள். பெட்டியை டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குக் கீழே, முகம் வானத்தைப் பார்க்கப் படுக்க வைத்தாள். "இதுக்கு மேல இரும்பு இருந்தா குருடாயிடும். இங்க உங்க பீரும் எட்டாது." பெடலில் சிக்காதபடி ஒயர்களை இழுத்துக் கட்டினாள். குழந்தைக்குத் தலை பின்னுகிற தாய்க்குக்கூட அவ்வளவு கவனம் இருக்காது.

அப்போது தலைவர் எழுந்தருளினார்.

"மேஸ்திரியம்மா, எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பற பம்ப் ஒயர்லதானே மாட்டற? நான் அமுக்கின நிமிஷம் வண்டி நிக்கணும். சனம் கை தட்டணும்."

"சரிவுலயா? எஞ்சின் செத்தா பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங் இறுகிடும். அப்புறம் சனம் கை தட்டாது தலைவரே, மாருலதான் அடிச்சுக்கும்."

"சொன்னதைச் செய். இல்லாட்டி எனக்கு வேற ஆளு இருக்கு."

"யாரு, வண்டியப் பெருவுக்கு அனுப்பினானே, அந்த ஆளா?" என்றாள். பிறகு தங்கப் பல் தெரியச் சிரித்தாள். "சரி தலைவரே, மாட்டிடறேன்."

இலாரியோனின் மனைவி பாசிலியா, அதே வண்டியில் ஊர்ப் பெயர் கூவி ஆள் ஏற்றுகிறவள், இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் நகர்ந்ததும் குனிந்து, "அக்கா, நிஜமாவே பம்ப்லயா? ஓட்டப்போறது என் புருஷன்க்கா" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு அந்த டேப்ப எடு" என்றது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல். அவள் ஒரு தடித்த ஒயரை வெட்டி நடுவில், கரண்டைத் துண்டிக்கும் கறுப்பு ரிலே ஒன்றைச் செருகுவதைப் பார்த்தேன். அது எந்த ஒயர் என்று தெரிகிற அளவுக்கு எனக்கு அறிவில்லை.

செவ்வாய்க்கிழமை பேண்டு வாத்தியம், பட்டாசு, பேச்சு. தலைவர் பீரைச் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் ஊற்றினார். ஸெனோபியாவின் செருப்புக்கும் கொஞ்சம் பிரசாதம் கிடைத்தது. இலாரியோன் சிலுவை போட்டுக்கொண்டு தனியாகச் சரிவில் இறங்கினான். பாசிலியா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. வளைவு நெருங்கும்போது தலைவர் விரலை உயர்த்தி, வானத்துக்குக் காட்டி, அமுக்கினார்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி அமுக்கினார். கட்டை விரலால் அமுக்கினார். வண்டி காகிதச் சுருள் பறக்க வளைவில் அழகாகத் திரும்பியது. பேண்டு நின்றது.

"என்னம்மா இது?" என்று தலைவர் உறுமினார்.

ஸெனோபியா மைக்கைப் பிடுங்கினாள். "பம்ப்ல இல்ல, வண்டியக் கிளப்பற செல்ஃப் ஒயர்ல மாட்டியிருக்கேன்! ஓடற வண்டிய எவனும் நிறுத்த முடியாது, அணைச்ச வண்டிய எவனும் கிளப்ப முடியாது. நான் மாட்டின பெட்டியால ஒருத்தனும் சாக மாட்டான். இந்த ஊர்ல என்னை மாதிரி மேஸ்திரி வேற கிடையாது, எழுதி வச்சுக்குங்க!"

பாசிலியா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் யாரையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. அன்று தொப்பியைக் கழற்றினேன். எங்கள் குளிரில் அது சின்னக் காரியமல்ல.

கீழே இலாரியோன் வண்டியை ஓரங்கட்டி அணைத்தான். மறுபடி சாவியைத் திருகினான். ஒரு முனகல்கூட இல்லை. இறங்கி, இரண்டு கையையும் ஆட்டினான்.

தலைவருக்கு உயிர் வந்தது. மைக்கை மீட்டுக்கொண்டு, "பார்த்தீர்களா! நிறுத்திவிட்டேன்! இனி எந்தத் திருடனும் நம் வண்டி மேல் கை வைக்க முடியாது!" என்று முழங்கினார். பேண்டு மறுபடி தொடங்கியது. சனம் கை தட்டியது. நானும் தட்டினேன், ஸெனோபியாவைப் பார்த்துக்கொண்டு.

பொத்தானை அமுக்கியதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எங்கள் சங்கத்தில் ஒரு வண்டிகூடத் திருடு போனதில்லை.